ஏ.டி. கோடு "சென்னை – ஒப்புதல்" என்று காட்டுகிறது. ஷிப்பிங் பில் மட்டும் திரும்பி வருகிறது

பருத்திப்பூ எழுதியது:

வணக்கம். நானும் அண்ணனும் பருத்திப் பைகள் தைத்து விற்கிறோம். என் பெயரில் தனியுரிமை நிறுவனம். ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்), ஜி.எஸ்.டி., நிறுவனப் பெயரில் நடப்புக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. சென்ற முறை ஒரு சிறிய ஆர்டரைச் சென்னையிலிருந்து விமானத்தில் அனுப்பினோம், எந்தத் தடங்கலும் இல்லை. அதே வாடிக்கையாளர் இப்போது ஒரு இருபதடி கன்டெய்னர் கேட்டிருக்கிறார். சரக்கு பேல் கட்டித் தயாராக நிற்கிறது. ஆனால் சுங்க முகவர் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க அறிவிப்பு) தாக்கல் செய்தால், ஏ.டி. கோடு (ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் எண்) பதிவில் இல்லை என்று திரும்பி வருகிறதாம்.

சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் நானே நுழைந்து பார்த்தேன். வங்கிக் கணக்கு மேலாண்மைப் பக்கத்தில் ஏ.டி. கோடு இருக்கிறது, இடம் சென்னை என்று இருக்கிறது, நிலை "ஒப்புதல்". முகவர் வங்கியைக் கேட்கச் சொல்கிறார். வங்கியில் சுங்கத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம் (கட்-ஆஃப்) நெருங்குகிறது. எங்கே தட்டுகிறது என்று யாராவது சொல்ல முடியுமா?

தறிநாடா:

முதலில் ஐ.இ.சி. உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள் சகோதரி. வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று சொல்லித்தான் தருகிறார்கள். ஆனால் 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் (டி.ஜி.எப்.டி.) தளத்தில் விவரங்களை உறுதிப்படுத்த வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் "மாற்றமில்லை" என்றாவது உறுதி செய்தாக வேண்டும். அந்த மூன்று மாதங்களில் கட்டணம் கிடையாது, பிறகு செய்தால் 200 ரூபாய். விட்டுவிட்டால் எண்ணை முடக்கிவிடுவார்கள். எங்கள் ஊர் ஏற்றுமதியாளர்களில் பாதிப் பேருக்கு இது சரக்கு துறைமுகத்துக்குப் போன பிறகுதான் தெரியவருகிறது.

பருத்திப்பூ:

ஆண்டுப் புதுப்பிப்பு முடிந்துவிட்டது அண்ணா. டி.ஜி.எப்.டி. தளத்தில் "செயலில் உள்ளது" என்றே காட்டுகிறது.

துறைமுகத்தான்:

அப்படியானால் ஐ.இ.சி.யை விடுங்கள். ஐஸ்கேட் பக்கத்தில் "சென்னை" என்ற பெயரைப் பார்த்தீர்கள். அதன் அருகில் ஆறு எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசி இலக்கம் 1 ஆ, 4 ஆ?

பருத்திப்பூ:

ஐ.என்.எம்.ஏ.ஏ.4 என்று இருக்கிறது ஐயா.

துறைமுகத்தான்:

அதுதான் விஷயம். 4 என்றால் சென்னை விமானச் சரக்கு வளாகம். கப்பல் வழியாகப் போவதற்கு ஐ.என்.எம்.ஏ.ஏ.1 வேண்டும். ஊர் ஒன்றுதான், ஆனால் சுங்கக் கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு இடங்கள். ஐ.இ.சி. நாடு முழுவதற்கும் ஒன்று, ஏ.டி. கோடு பதிவு இடத்துக்கு இடம் தனி. சென்ற முறை விமானத்தில் அனுப்பியபோது யாரோ விமான நிலையத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். அது அன்றைக்குச் சரியான வேலைதான், கடல் வழிக்கு இப்போது தனியாகச் செய்ய வேண்டும். உங்கள் முகவர் திரும்பி வந்த செய்தியை முழுதாக உங்களுக்கு அனுப்பியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. வங்கிக்குப் போகச் சொன்னது வெறும் கைகழுவல்.

பதிவு செய்வதற்கு முன் இன்னொன்றை உறுதி செய்யுங்கள். கப்பல் நிறுவனம் "சென்னை" என்று சொன்னால் அது சென்னைத் துறைமுகம்தானா, காட்டுப்பள்ளியா, எண்ணூரா? மூன்றுக்கும் குறியீடு வேறு. புக்கிங் தாளில் எந்த முனையம் என்று எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்த இடத்தில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்யப் போகிறார் என்பதை முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு அந்த இடத்துக்கு இருக்க வேண்டும். நான் என் வாடிக்கையாளர்களிடம் ஒரே மூச்சில் ஐ.என்.எம்.ஏ.ஏ.1, காட்டுப்பள்ளி, தூத்துக்குடி மூன்றுக்கும் பதிவு செய்துவைத்துக்கொள்ளச் சொல்வேன். கப்பல் மாறும்போது அது கை கொடுக்கும்.

பருத்திப்பூ:

மிக்க நன்றி ஐயா. புக்கிங் தாளில் சென்னைத் துறைமுகம் என்றே இருக்கிறது. ஆனால் வங்கியில் புதிய கடிதம் கேட்டேன். எங்கள் கிளையில் "ஏ.டி. கோடா? ஐ.எப்.எஸ்.சி. தருகிறோமே, அதுதானே?" என்று கேட்கிறார்கள்.

துறைமுகத்தான்:

இது எல்லா ஊரிலும் நடக்கும் கதை. ஐ.எப்.எஸ்.சி. உள்நாட்டில் பணம் அனுப்ப, 11 எழுத்து. ஸ்விஃப்ட் கோடு வெளிநாட்டிலிருந்து பணம் வர. ஏ.டி. கோடு வேறு: அந்நியச் செலாவணி வணிகம் செய்ய ரிசர்வ் வங்கி அனுமதித்த கிளைக்கு உரியது, 14 இலக்கம். உங்கள் கணக்கு இருக்கும் சின்னக் கிளைக்கு அந்த அனுமதி இல்லாமல் இருக்கலாம். அப்போது அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் கோடுதான் உங்களுக்கும். மேலாளரிடம் "ஃபாரெக்ஸ் பிரிவின் மின்னஞ்சல் கொடுங்கள்" என்று நேராகக் கேளுங்கள், அவருக்கும் நிம்மதி.

கடிதம் வங்கியின் பெயர் அச்சிட்ட தாளில் (லெட்டர்ஹெட்), துறைமுகச் சுங்க அதிகாரிக்கு முகவரியிட்டு இருக்க வேண்டும். ஐ.இ.சி. எண், கணக்கு எண், ஐ.எப்.எஸ்.சி., 14 இலக்கமும் முழுமையாக, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, முத்திரை. விமான நிலையத்துக்காக வாங்கிய பழைய கடிதத்தையே பதிவேற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். அந்த முகவரியைப் பார்த்ததும் அதிகாரி திருப்பி அனுப்பினால் உங்களுக்குத்தான் நேர இழப்பு.

கணக்கின் பெயரையும் கவனியுங்கள். தனியுரிமை நிறுவனத்துக்குப் பான் உங்கள் பெயரில், ஜி.எஸ்.டி.யில் சட்டப்பெயர் நீங்கள், வணிகப்பெயர் நிறுவனம். ஐ.இ.சி.யில் நிறுவனத்தின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே வங்கிக் கடிதத்திலும் இருக்கட்டும். ஓரிடத்தில் "அண்டு", இன்னோரிடத்தில் அதற்கான குறி என்று இருந்தாலே கேள்வி வரும்.

சரக்குராசா:

இதற்கெல்லாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள்? கடவுச்சொல்லையும் டிஜிட்டல் கையொப்பத்தையும் சுங்க முகவர் (சி.எச்.ஏ.) கையில் கொடுத்துவிட்டால் எல்லாவற்றையும் அவரே முடித்துவிடுவார். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

தறிநாடா:

நல்ல முகவர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் டிஜிட்டல் கையொப்பம் உங்கள் கையெழுத்து. காசோலைப் புத்தகத்தில் எல்லாத் தாள்களிலும் கையெழுத்திட்டு யாரிடமாவது கொடுத்து வைப்பீர்களா? முகவர் தன் உரிமத்தின் பேரில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்யட்டும், அதற்கு அங்கீகாரக் கடிதம் போதும். ஐஸ்கேட் பயனர் கணக்கும் கையொப்ப டோக்கனும் வீட்டில் இருக்கட்டும்.

இதை ஒட்டி ஒன்று. பருத்திப்பூ, உங்கள் ஐ.இ.சி.யை யார் எடுத்துக்கொடுத்தார்கள்? அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். அரசுத் தளம் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் வாங்கும் தளங்கள் உண்டு. பணம் போனால்கூடப் போகட்டும், அவர்கள் தங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் விண்ணப்பத்தில் போட்டுவிடுவார்கள். பிறகு ஓ.டி.பி. எல்லாம் அவர்களுக்குப் போகும். ஐ.இ.சி. தாளைத் திறந்து அந்த இரண்டும் யாருடையவை என்று பாருங்கள்.

பருத்திப்பூ:

பார்த்துவிட்டேன் அண்ணா. கைப்பேசி எண் என்னுடையது, மின்னஞ்சல் எடுத்துக்கொடுத்தவர்களுடையது! டி.ஜி.எப்.டி. தளத்தில் ஐ.இ.சி. திருத்தத்தில் போய் என் மின்னஞ்சலாக மாற்றிவிட்டேன்.

வங்கிக் கடிதமும் வந்தது. முதலில் ஏழு இலக்கம் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். 14 வேண்டும் என்று சொல்லித் திருப்பினேன். இப்போது கடிதத்தைக் கையொப்பமிட்டு ஐ.என்.எம்.ஏ.ஏ.1-க்குச் சமர்ப்பித்திருக்கிறேன். நிலை "பரிசீலனையில்".

அந்தப் பக்கத்தில் இன்னொரு தெரிவும் கண்ணில் பட்டது: ஏற்றுமதி ஊக்கத்தொகைக்கான வங்கிக் கணக்கு. இரண்டும் ஒன்றுதானே? கேட்பதற்குக் காரணம், விமானத்தில் அனுப்பிய சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) கட்டியே அனுப்பினோம், திரும்ப வர வேண்டிய பணம் இன்னும் வரவில்லை.

வரவுசெலவு:

ஒன்றல்ல. இத்தனை பேர் எழுதிய பிறகு இதைச் சொல்ல எனக்கு இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி.

ஏ.டி. கோடு எதற்கு? வெளிநாட்டுப் பணம் எந்த வங்கி வழியாக உள்ளே வரப் போகிறது என்று ரிசர்வ் வங்கிக்குச் சொல்வதற்கு. ஷிப்பிங் பில் விவரம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் உங்கள் வங்கிக்குப் போகிறது. பணம் வந்ததும் வங்கி அதைக் கணக்கில் நேர்செய்கிறது.

ஊக்கத்தொகைக் கணக்கு எதற்கு? அரசு உங்களுக்குத் தர வேண்டிய தீர்வைத் திருப்பமும் ஐ.ஜி.எஸ்.டி. திருப்பமும் எங்கே வந்து விழ வேண்டும் என்பதற்கு. இதை அரசின் பணப்பட்டுவாடா அமைப்பான பி.எப்.எம்.எஸ். வங்கியுடன் சரிபார்க்கும். கணக்கு அங்கே தேறவில்லை என்றால் திருப்பம் ஒப்புதலாகியும் பணம் நகராது. ஆகவே முதலில் அந்தப் பதிவு இருக்கிறதா, பி.எப்.எம்.எஸ். சரிபார்ப்பு முடிந்ததா என்று பாருங்கள்.

அது சரி என்றால் ஐஸ்கேட்டில் ஷிப்பிங் பில்லின் ஐ.ஜி.எஸ்.டி. நிலையைத் திறந்து, எஸ்.பி. என்று தொடங்கும் குறியீட்டைச் சொல்லுங்கள். ஐ.ஜி.எஸ்.டி. கட்டி அனுப்பும் ஏற்றுமதியில் ஷிப்பிங் பில்லே திருப்ப விண்ணப்பமாகக் கருதப்படுகிறது, தனி விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் அதில் இருப்பதும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனைக் கணக்குப் படிவம்) ஏற்றுமதி அட்டவணையான 6ஏ-வில் நீங்கள் போட்டதும் பொருந்த வேண்டும்.

பருத்திப்பூ:

ஊக்கத்தொகைக் கணக்கு விமான நிலையத்துக்குப் பதிவாகி, பி.எப்.எம்.எஸ். சரிபார்ப்பும் முடிந்திருக்கிறது ஐயா. குறியீடு எஸ்.பி.005.

வரவுசெலவு:

இன்வாய்ஸ் எண் பொருந்தவில்லை என்று பொருள். முகவருக்குக் கொடுத்த ஏற்றுமதி இன்வாய்ஸில் ஒரு வரிசை எண், ஜி.எஸ்.டி.க்கு வேறொரு வரிசை எண் என்று இரண்டு வைத்திருக்கிறீர்களா? அல்லது ஓரிடத்தில் "எக்ஸ்/007", இன்னோரிடத்தில் "எக்ஸ்/7" என்று இருக்கிறதா? கணினிக்கு அந்த இரண்டு சுழியங்களும் முக்கியம். ஷிப்பிங் பில்லில் இருப்பது சரியான எண் என்றால், ஜி.எஸ்.டி.ஆர்.-1 அட்டவணை 9ஏ-வில் 6ஏ-வைத் திருத்தலாம். ஷிப்பிங் பில்லில்தான் வேறு எண் இருக்கிறது என்றால் இரண்டு எண்களையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டுத் தாளுடன் சுங்க அலுவலகத்தை அணுக வேண்டும். இனிமேல் இரண்டு இன்வாய்ஸ் வேண்டாம், ஒன்றே இருக்கட்டும்.

திருத்தும்போது 6ஏ-வில் துறைமுகக் குறியீட்டையும் ஒரு முறை பாருங்கள். இந்தக் கன்டெய்னருக்குப் பழக்கத்தில் 4 என்று போட்டுவிட்டால் எஸ்.பி.001 (ஷிப்பிங் பில் விவரம் பொருந்தவில்லை) வரும், மறுபடியும் இங்கே வந்து எழுதுவீர்கள். ஊக்கத்தொகைக் கணக்கையும் ஐ.என்.எம்.ஏ.ஏ.1-க்குத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

புதுவரவு:

இடையில் நுழைகிறேன். நான் இறக்குமதி செய்யப் போகிறேன், தையல் இயந்திரங்கள். அதற்கு வேறு ஐ.இ.சி. எடுக்க வேண்டுமா?

துறைமுகத்தான்:

வேண்டாம் தம்பி. ஒரு பானுக்கு ஒரே ஐ.இ.சி., உங்கள் பான் எண்ணேதான் அந்த எண். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் அதுவே. இறக்குமதியில் தாக்கல் செய்வது பில் ஆஃப் என்ட்ரி. அதிலும் பணம் அனுப்பும் வங்கியின் ஏ.டி. கோடு கேட்பார்கள். அங்கே கெடு கடுமையானது: கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000. ஆகவே இயந்திரம் கிளம்புவதற்கு முன்பே எட்டு இலக்க வகைப்பாட்டு எண்ணை முகவருடன் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

பருத்திப்பூ, உங்களுக்கும் இது பொருந்தும். பருத்திப் பையை வகைப்பாட்டில் 4202-இல் போட்டார்களா, 6305-இல் போட்டார்களா? கையில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும் பை 4202. சரக்கு கட்டும் பை என்றால் 6305. ஊக்கத்தொகை வீதம் இரண்டுக்கும் ஒன்றல்ல.

பருத்திப்பூ:

கைப்பிடி உள்ள கடைப்பைகள்தான், 4202-இல் இருக்கிறது ஐயா. ஐ.என்.எம்.ஏ.ஏ.1-க்கு ஒப்புதல் வந்துவிட்டது. முகவர் மீண்டும் தாக்கல் செய்தார், ஷிப்பிங் பில் எண் விழுந்துவிட்டது. கன்டெய்னரில் சரக்கேற்றம் நாளை காலை. எஸ்.பி.005-க்குக் காரணம் நீங்கள் சொன்ன சுழியங்களேதான், ஷிப்பிங் பில்லில் சரியாக இருக்கிறது, அடுத்த ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் 9ஏ வழியாகத் திருத்துகிறோம். இந்த முறையும் ஐ.ஜி.எஸ்.டி. கட்டியே அனுப்புவதா, வரி கட்டாமல் அனுப்ப எல்.யூ.டி. (உறுதிமொழிக் கடிதம்) போடுவதா?

வரவுசெலவு:

கையிருப்பு இறுக்கமாக இருந்தால் எல்.யூ.டி. போடுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் ஆர்.எப்.டி.-11 படிவம், கட்டணம் இல்லை. சரக்கு கிளம்புவதற்கு முன் போட்டிருக்க வேண்டும். ஷிப்பிங் பில்லில் ஏற்கெனவே "ஐ.ஜி.எஸ்.டி. கட்டி" என்று குறித்திருந்தால் முகவரிடம் இன்றே சொல்லி மாற்றச் சொல்லுங்கள். எல்.யூ.டி. மார்ச் 31-உடன் முடிந்துவிடும், ஏப்ரலில் அடுத்த சரக்குக்கு முன் புதிதாகப் போட வேண்டும்.