பூனை எழுந்து நிற்கவே தள்ளாடுகிறது, என்ன செய்ய?

கேள்வி: மூன்று வயது ஆண் பூனை. முந்தாநாளிலிருந்து வாந்தி. மத்தி மீனை மூக்கருகே வைத்தாலும் திரும்பவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறது, குடிப்பதில்லை. அம்மா கால் பாராசிட்டமால் கொடுக்கலாமா என்கிறார். பெரம்பூரில் இருக்கிறோம்.

பதில்: தம்பி, பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். பூனைக்கு அது விஷம், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அப்புறம், சிறுநீர் போகிறதா? ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் இப்படித்தான் வாந்தி எடுத்துச் சுருண்டுவிடும்.

கேள்வி கேட்டவர்: ஈறு வெளுத்திருக்கிறது அக்கா. காது சில்லென்று இருக்கிறது. மண் தட்டில் முக்குகிறது, ஒரு சொட்டும் இல்லை.

பதில்: அப்படியானால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அடைப்பில் சிறுநீர் வெளியேறாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். வயிற்றை அமுக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, கூடையோடு கிளம்புங்கள்.

இன்னொருவர்: வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். போகும்போதே போன் செய்து இரவில் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, ஆட்டோ வந்துவிட்டது. கிளம்புகிறோம்.