புதுப்பிப்பு: கராத்தேயிலிருந்து சிலம்பத்துக்கு மாறுவது பற்றி

பாளையங்கோட்டையில் நான்கு ஆண்டுகள் ஷோட்டோகான் கராத்தே பயின்று பழுப்புப் பட்டை வரை வந்த நிலையில், வாரம் மூன்று நாள் வரவேண்டிய மாஸ்டர் மாதத்தில் மூன்று நாள்கூட வராததால், வேறு கலைக்கு மாறலாமா என்று இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். அவரிடமே நேரில் பேசச் சொன்னீர்கள், பேசினேன். வேலை மாறிவிட்டதால் இனி உறுதியாக வர இயலாது என்று ஒளிக்காமல் சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு, ஏனெனில் சிறு பிள்ளைகள் சீருடையோடு பூட்டிய கதவின் முன் காத்திருந்து திரும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது தாமிரபரணிக் கரையோரம் அதிகாலையில் சிலம்பம் கற்பிக்கும் முதியவர் ஒருவரிடம் சேர்ந்துள்ளேன். மூன்று வாரங்களில் ஒரு நாளும் அவர் தவறவில்லை. முதல் நாள், கம்பைத் தரையில் ஊன்றி என் நெற்றி உயரத்துக்கு அளந்துவிட்டு, அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். “மொதல்ல காலு வரட்டும் தம்பி, கம்பு தன்னால வரும்” என்றார். கராத்தேயில் ஊறிப்போன தாழ்ந்த, ஊன்றிய நிற்பு இங்கே இடைஞ்சலாகிறது. காலடி வரிசையில் பாதம் ஓயாமல் நகரவேண்டியிருப்பதால் கெண்டைக்கால் இரவெல்லாம் வலிக்கிறது.

போட்டி வாய்ப்பு உண்டா என்று கேட்ட நண்பருக்கு: 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

கராத்தேயில் கற்றவற்றில், ஹெய்யான் ஷோடான் என்ற தொடக்கநிலைப் பயிற்சித் தொடரின் 21 அசைவுகளை மட்டும் மாலையில் மொட்டைமாடியில் விடாமல் செய்துவருகிறேன்.