அரமேயத்தில் ‘நீ’: ஆண் பெண் வேறுபாடு இருக்கிறதா, போய்விட்டதா?

நெல்லைச்செல்வன்:
மேற்காசியாவின் பழைய மொழியான அரமேயத்தின் ஒரு வகை, சுரியானி, படிக்கிறேன். ஆணைப் பார்த்து ‘நீ’ என்று எழுத அலப், நூன், தாவ் என்ற மூன்று எழுத்துகள். பெண்ணுக்கென்றால் கடைசியில் யோத் என்ற எழுத்தும் கூடும். வாசித்தால் இரண்டும் ‘அத்’ தான். நூனும் ஒலிக்காது, யோதும் ஒலிக்காது. காதில் விழாத எழுத்தைக் காட்டி ‘பால் வேறுபாடு உண்டு’ என்று சொல்லித்தருவது சரியா? என்னைக் கேட்டால், அந்த வேறுபாடு செத்துவிட்டது.

ஓலைநறுக்கு:
ஒரு சொல்லை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், செல்வன். ‘உன் பெயர்’ ஆணுக்கு ஷ்மாக், பெண்ணுக்கு ஷ்மேக். இது காதில் விழுகிறதே! கர்த்தருடைய ஜெபத்தில் ‘ஷ்மாக்’. மரியாளை வாழ்த்தும்போது ‘உனக்கு’ என்பது பெண்பாலில் ‘லேக்’.

அப்புறம் அந்த யோத். கி.மு. 5ஆம் நூற்றாண்டில், எகிப்தின் எலிபன்டைன் தீவில், மஹ்சேயா என்ற யூதர் தன் மகள் மிப்தஹியாவுக்கு அரமேயப் பத்திரத்தில் வீட்டுமனை எழுதிக்கொடுத்தார். உரிமை உனக்கே என்று பத்திரத்திலேயே மகளை நேராகப் பார்த்துச் சொல்கிறார். அந்த ‘நீ’யில் யோத் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒலி தேய்ந்த பிறகும் சுரியானி எழுத்தர்கள் அதை விடவில்லை. அதைப் போய்ச் செத்த எழுத்து என்கிறீர்களே.

நெல்லைச்செல்வன்:
விகுதி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்கு 5:41 பாருங்கள். நம் தமிழ் வேதாகமத்தில் ‘தலீத்தாகூமி’, அதாவது ‘சிறுமியே, எழுந்திரு’. பழைய கிரேக்கப் பிரதிகளான சினாய், வத்திக்கான் இரண்டிலும் ‘கூம்’ என்றே இருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் சொன்ன சொல்! பெண்பால் ‘இ’ பேச்சில் அப்போதே உதிர்ந்துவிட்டது. காதில் விழுந்ததைத்தான் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஓலைநறுக்கு:
அது கலிலேயப் பேச்சு, சுரியானி எதெஸ்ஸா நகருடையது. ஒன்றை வைத்து மற்றதை நிரூபிக்க முடியாது. சுரியானி வேதாகமமான பெஷித்தாவில் அதே இடத்தில் ‘கூமி’ என யோதுடன் இருக்கிறது.

நெல்லைச்செல்வன்:
எழுத்தில் இருக்கிறது. வாசிக்கும்போது ‘கூம்’ தானே?

மலைச்சாரல்:
இருவரும் பழைய ஏட்டிலேயே நிற்கிறீர்கள். சிரியாவில் மாலூலா கிராமத்தில் இன்றும் பேசும் அரமேயத்தில் ‘நீ’ என்பது ஆணுக்கு ‘ஹச்’, பெண்ணுக்கு ‘ஹஷ்’. எழுத்தே தேவையில்லை, வாயிலேயே வேறுபாடு. துருக்கியின் தூர் அப்தீன் பகுதியில் பேசும் துரோயோ என்ற அரமேய வகையில் மட்டும் இருவருக்கும் ஒரே ‘ஹத்’.

நெல்லைச்செல்வன்:
மாலூலா பற்றித் தெரியாது, நன்றி. அரமேயம் முழுவதுக்கும் சேர்த்துச் ‘செத்துவிட்டது’ என்றது தவறு, திரும்பப் பெறுகிறேன். ‘கூம்’ விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.