அல்புஹாரா மலைக் கிராமங்கள்: அம்மாவோடு நடக்கலாமா?

கேள்வி: மே மாதம் ஸ்பெயினில் கிரனாடா போகிறோம். பம்பனேய்ராவிலிருந்து புபியோன் வழியாகக் கபிலேய்ரா வரை நடக்க ஆசை. அம்மாவுக்கு 61 வயது, முழங்கால் கொஞ்சம் தகராறு. முடியுமா?

பதில்: தூரம் குறைவு, ஏற்றம்தான் விஷயம். பம்பனேய்ரா சுமார் 1,050 மீட்டர் உயரத்தில், கபிலேய்ரா 1,430. பேசாமல் பஸ்ஸில் மேலே போய், நடந்து கீழே இறங்கி வாருங்கள்.

பதில்: முழங்காலுக்கு இறக்கம்தான் எமன்! போன அக்டோபரில் அப்படித்தான் இறங்கினேன். அப்புறம் இரண்டு நாள் ஓட்டல் படிக்கட்டில் பக்கவாட்டாகவே நடந்தேன். மெல்ல ஏறுங்கள், கைத்தடி கட்டாயம். வழிகாட்டப் பாதையோரம் தீட்டியிருக்கும் குறிகளைப் பாருங்கள்: வெள்ளை-சிவப்புக் கோடு ஜிஆர் 7 என்ற நெடும் நடைபாதை. வெள்ளை-மஞ்சள் என்றால் குறும்பாதை. அதே நிறங்களில் பெருக்கல் குறி தெரிந்தால் வழி தவறிவிட்டீர்கள், திரும்புங்கள்.

கேட்டவர்: சரி, ஏறுகிறோம். கைத்தடி வேண்டாம், குடை போதும் என்கிறார் அம்மா.