உயர்கோபுர விளக்கு வைக்கும் முன் காவலூரை நினைப்போம்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கப் பணத்தில் ஊர் முகப்பில் உயர்கோபுர மின்விளக்கு நிறுத்தலாம் என்று பேச்சு நடக்கிறது. ராத்திரி கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. எப்படிப்பட்ட விளக்கு என்பதில்தான் எனக்குக் கவலை.

நம் ஊருக்குத் தலைமாட்டில் இருப்பது ஜவ்வாது மலை. மலைபடுகடாம் பாடிய சேயாறு பிறப்பது அங்கேதான். சாமை, தேன், புளி எல்லாம் இன்றைக்கும் அங்கிருந்து இறங்குகிறது. சந்தனம்தான் போய்விட்டது, காடாக நின்ற மரம், வெட்டும் கடத்தலுமாகக் கரைந்தது.

அந்த மலை இன்னும் வைத்திருக்கிற ஒரு செல்வம் இருட்டு. வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வானாய்வகத்துக்கு இடம் தேடி வந்து அந்த மலையில் காவலூரைப் பிடித்தது அதற்காகத்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வடவானத்தோடு தென்வானத்திலும் பெரும்பகுதி தெரியும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகும் நேரத்தில், மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கியது காவலூரில் பதிவானது. அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் தெரிந்துகொண்ட பதிவுகளில் அதுவும் ஒன்று! 2.34 மீட்டர் தொலைநோக்கி, நம் நாட்டிலேயே செய்தது, 1986இல் திறந்தபோது அதைக் காண பாப்பு இல்லை, 1982இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். 1988இல் அங்கே கண்ட சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர்.

இப்போது அடிவாரத்து ஊர்களின் வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது. வெள்ளை எல்இடியில் நீல ஒளி அதிகம். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கும் காரணமான, காற்றில் ஒளி சிதறும் அதே இயல்பு, ராத்திரியில் அந்த ஒளியை வானமெங்கும் பரப்பி மங்கலான விண்மீன்களை அழித்துவிடும்.

அதனால் என் யோசனை: ஒற்றை உயர்கோபுரத்துக்குப் பதிலாக, பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை தாழ்வான கம்பங்கள். மேலே மூடி போட்டு, ஒளி தரையில் மட்டும் விழும்படி மஞ்சள் எல்இடி. நடப்பவர் கண் கூசாது, பாதையும் நன்றாகத் தெரியும். ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது இரண்டுக்கும் விலைப்பட்டியல் வாங்கி அனுப்புங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்வோம். கம்பங்களுக்குக் கூடுதலாகச் செலவானால் என் பங்கை உயர்த்தித் தருகிறேன்.