கேலிப்ரேஷனுக்குப் பிறகு திரை மஞ்சளடித்தால் எங்கே பார்ப்பது?

கேலிப்ரேஷன் (கருவி வைத்து மானிட்டரின் நிறத்தை அளந்து சரிசெய்வது) முடிந்து ரீஸ்டார்ட் செய்ததும் திரை மஞ்சளாகவோ ரோஸாகவோ தெரிந்தால், கை முதலில் மானிட்டர் பட்டனுக்குத்தான் போகும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அந்த பட்டனில் வைத்திருந்த அளவுகளை வைத்துத்தான் ஐசிசி ப்ரொஃபைலே (மானிட்டரின் நிறக் குறிப்பு ஃபைல்) உருவானது. அவற்றை மாற்றிவிட்டால் ப்ரொஃபைல் எந்தத் திரைக்கும் பொருந்தாது.

அந்த ஃபைலுக்குள் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, கிராபிக்ஸ் கார்டில் ஏறும் காமா டேபிள், அதாவது ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்ற பட்டியல். டெஸ்க்டாப், வீடியோ என்று எல்லாவற்றின் நிறத்தையும் அது மாற்றும். மற்றது, உங்கள் மானிட்டரின் நிறங்கள் எப்படிப்பட்டவை என்ற விவரம். இதைப் போட்டோஷாப் போல படிக்கத் தெரிந்த ப்ரோக்ராம்கள் மட்டும் எடுத்துக்கொள்ளும்.

எது கெட்டது என்று பார்க்க, கம்ப்யூட்டரை ஆன் செய்து, விண்டோஸ் ஏறும் முன் வரும் பயாஸ் செட்டிங் திரைக்குப் போங்கள். அங்கே டேபிள் இன்னும் ஏறியிருக்காது. அங்கேயே மஞ்சள் என்றால் மானிட்டர் செட்டிங் அல்லது கேபிள்தான். விஜிஏ கேபிளில் ஒரு பின் வளைந்து நீலம் வராமல் போனாலும் இதே மஞ்சள்தான் வரும். பயாஸ் சரியாக இருந்து, லாகின் ஆன சில நொடியில் நிறம் மாறினால் டேபிளைச் சந்தேகப்படுங்கள். டெஸ்க்டாப் சுத்தமாக இருந்து போட்டோ மட்டும் மஞ்சளடித்தால் விவரப் பகுதிதான் கெட்டது.

* * *

போட்டோ மட்டும் மஞ்சள் என்பவர்களுக்கு: விண்டோஸில் கலர் மேனேஜ்மென்ட் திறந்து, டிவைசஸ் பட்டியலில் சரியான மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் 'ஐடென்டிஃபை மானிட்டர்ஸ்' அழுத்தாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம், ப்ரொஃபைல் இடம் மாறி உட்கார்ந்திருப்பது சகஜம். 'யூஸ் மை செட்டிங்ஸ்' டிக் போட்டு, எஸ்ஆர்ஜிபி (சாதாரண திரைகளுக்கான பொது நிற அளவு) ப்ரொஃபைலைச் சேர்த்து டிஃபால்ட் ஆக்குங்கள். படம் காட்டும் ப்ரோக்ராமை மூடித் திறங்கள்.

மஞ்சள் போனால் பழைய ப்ரொஃபைல்தான் காரணம் என்பது உறுதி. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். வைட் காமட் (சாதாரணத்தைவிட அதிக நிறங்களைக் காட்டும்) மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் இருந்தால் சிவப்பும் பச்சையும் பளீரென்று அடிக்கும். திரும்ப அளந்து, கேலிப்ரேஷன் சாஃப்ட்வேரில் வெர்ஷன் 2, மேட்ரிக்ஸ் வகை (எளிய கணக்கில் அமைந்தது) ப்ரொஃபைல் எடுங்கள். விண்டோஸின் பழைய போட்டோ வியூவர் மற்ற வகைகளில் தடுமாறுவதுண்டு.

* * *

டேபிள் விஷயத்தில் அடிக்கடி வரும் கோளாறு, ஒரே வேலைக்கு இரண்டு பேர் போட்டி போடுவது. விண்டோஸ் தன் லோடரால் (டேபிளை ஏற்றும் ப்ரோக்ராம்) ஒன்றை ஏற்றும், கேலிப்ரேஷன் சாஃப்ட்வேரின் லோடர் இன்னொன்றை ஏற்றும். இடையில், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டோ எஃப்லக்ஸோ வந்து கலைக்கும். ஸ்லீப்பிலிருந்து எழுப்பும்போது, கேமிலிருந்து வெளியே வரும்போது நிறம் இருமுறை மாறினால் இதுதான். ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் லோடரை நிறுத்த: கலர் மேனேஜ்மென்ட், அட்வான்ஸ்டு, 'சேஞ்ச் சிஸ்டம் டிஃபால்ட்ஸ்', மறுபடி அட்வான்ஸ்டு, அங்கே 'யூஸ் விண்டோஸ் டிஸ்ப்ளே கேலிப்ரேஷன்' டிக்கை எடுங்கள். ஹெச்டிஆர் (கூடுதல் வெளிச்ச வித்தியாசம் காட்டும் முறை) ஆன் செய்தபடி, சாதாரண முறையில் எடுத்த ப்ரொஃபைலைப் போடவும் கூடாது.

* * *

நிறம் சரி, ஆனால் வானப் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது என்றால் ப்ரொஃபைலை மாற்றிப் பயனில்லை. கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் சாம்பல் பட்டை ஒன்றைத் திறந்து உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு கீற்று லேசாகப் பச்சை, அடுத்தது லேசாக ரோஸ் என்று மாறி மாறி வரும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மானிட்டர் நீலம் தூக்கலாக இருக்க, சாஃப்ட்வேர் டேபிளிலேயே அதை 200க்கு இறக்கினால் ஐம்பதுக்கு மேல் படிகள் காணாமல் போகும்.

இதற்கு முதலிலிருந்து செய்வதே வழி. மானிட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து 30 நிமிடம் சூடேற விடுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், ஆட்டோ பிரைட்னஸ் இரண்டும் ஆஃப். மானிட்டர் மெனுவின் ஆர்ஜிபி கெயினில் (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) வெள்ளையை 6500 கெல்வின் பக்கம் கொண்டு வந்து, வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலாவில் நிறுத்தி, காமா 2.2 வைத்து, மிச்சத்தை மட்டும் சாஃப்ட்வேரிடம் விடுங்கள். நிறம் அளக்கும் கருவியான கலரிமீட்டரில் பேனல் வகையைச் சரியாகக் கொடுங்கள். வைட் காமட் பேனலைச் சாதாரண எல்இடி என்று கொடுத்தால் வெள்ளையே சாயம் ஏறி வரும்.

* * *

படம் அனுப்பி உதவி கேட்பவர்கள் கவனிக்க: ஸ்கிரீன்ஷாட்டில் டேபிள் பதிவாகாது, எங்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். திரை ஓரமாக ஒரு வெள்ளைத் தாளை வைத்து, மொபைலில் ஒயிட் பேலன்ஸை லாக் செய்து போட்டோ எடுத்து அனுப்புங்கள்.