கையடக்கத் தொலையணுகல் கருவிக்குக் ‘கைச்சுருங்கை’: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

உள்ளக வலையமைப்பில் இருக்கும் அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா, கோப்பு வழங்கி (சர்வர்) போன்றவற்றைத் தொலைவிலிருந்து பாதுகாப்பாக எட்டுவதற்கென்று, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கணினியை அவ்வலையமைப்பிலேயே செருகிவைக்கும் முறை இன்று பரவலாகியிருக்கிறது. இக்கருவிக்கு இதுவரை ‘கையடக்கத் தொலையணுகல் கருவி’, ‘தொலைச்சாவி’, ‘திட்டிவாயில்’ ஆகிய பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இம்மூன்றையும் ஏற்பதில் எனக்குள்ள தயக்கத்தைச் சொல்லி, வேறொரு சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

பெயரிடுவதற்கு முன் இக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். 192.168 என்று தொடங்கும் முகவரிகள், 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் இணைய நெறிமுறை ஆவணம் தனிப்பயனுக்கென ஒதுக்கியவற்றுள் அடங்கும். பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. ஆகவே வெளியிலிருந்து எட்ட விரும்பியவர்கள் நெடுங்காலமாகத் திசைவியில் (ரவுட்டர்) போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது ஒரு போர்ட்டுக்கு (இணைப்பு எண்ணுக்கு) வெளியிலிருந்து வருவதை உள்ளிருக்கும் கருவிக்குத் திருப்பிவிட்டு, அந்தப் போர்ட்டை எல்லாருக்குமாகத் திறந்து வைத்தார்கள். இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய நிலையில், தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் கிடந்த கருவிகளைத்தான் 2016-இல் மிராய் என்னும் தீநிரல் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது.

நாம் பேசும் கருவி அந்த முறைக்கு நேர்மாறானது. அது உள்ளேயிருந்து, பொது முகவரி உடைய ஒரு வழங்கியை நோக்கித் தானே இணைப்பைத் தொடங்குகிறது; தொலைவில் இருப்பவரும் அவ்வழங்கி வழியாகவே உள்ளே வருகிறார். திசைவியும், போக்குவரத்தை வடிகட்டும் தீச்சுவரும் (ஃபயர்வால்) கருவி தொடங்கும் இணைப்பை வழக்கமான வெளிச்செல் போக்குவரத்தாகவே கருதி விடுகின்றன. இணையச் சேவையாளர் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குள் அடக்கியிருக்கும் இடத்தில் போர்ட் ஃபார்வர்டிங் பயனற்றுப்போனாலும், இக்கருவி தடையின்றி இயங்குவதற்குக் காரணம் இதுவே. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கருநிரல் (கெர்னல்) 5.6-இல் இணைந்த வயர்கார்டு என்னும் மறையாக்க இணைப்பு மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு தரவுப் பொட்டலத்தை அனுப்பும்படி அமைத்தால், திசைவி அந்த வழியை மறந்துவிடாது. உரிய மறையாக்கச் சாவி இல்லாதவர் அனுப்பும் பொட்டலங்களுக்கு வயர்கார்டு மறுமொழியே தருவதில்லை.

இந்த இயல்பை, அதாவது மதிலில் புதிய வாசல் எதுவும் வைக்காமல் வழி அமைப்பதைப் பெயர் உணர்த்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ‘திட்டிவாயில்’ அழகிய சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெருங்கதவில் சிறு கதவாக வைக்கப்படுவது திட்டிவாயில். வெளியே நிற்பவர் எவரும் அதைக் காணலாம், தட்டலாம். போர்ட் ஃபார்வர்டிங்கிற்கு அச்சொல் பொருந்தும். அதற்கு மாற்றாக வந்த கருவிக்கே அதைச் சூட்டினால், கற்பவர் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவார். ‘தொலைச்சாவி’யும் குழப்பம் தரும், ஏனெனில் மறையாக்கச் சாவி, உள்நுழைவின்போது செருகும் பாதுகாப்புச் சாவி என்று சாவிகள் ஏற்கெனவே இரண்டு உள்ளன. ‘கையடக்கத் தொலையணுகல் கருவி’ என்பது பிழையற்ற விளக்கம். கலைச்சொல் ஆகும் அளவுக்குச் சுருக்கமில்லை.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் அகழியருகே யானைக் கூட்டம் செல்லும் மறைவழியைச் ‘சுருங்கை வீதி’ என்கிறது. பொது இணையத்தின் ஊடே மறையாக்கிய தனிவழி அமைக்கும் வி.பி.என். குறித்து எழுதும்போது நாம் ‘சுரங்கம்’ என்று எழுதிவரும் இடங்களிலெல்லாம் ‘சுருங்கை’ எனலாம். சுரங்கம் என்றதும் நிலக்கரியும் கண்ணிவெடியும் நினைவுக்கு வருகின்றன. சுருங்கைக்கு இன்று பரவலான வேறு வழக்கு இல்லாததால் அதனை இத்துறைக்கே உரியதாக்கிக்கொள்ள முடியும். கைப்பேசியைப் போல், உடன்கொண்டு செல்லத்தக்க கருவியைக் ‘கைச்சுருங்கை’ என்று அழைப்போம். கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன: எல்லாப் போக்குவரத்தும் அவ்வழியே சென்றால் முழுச்சுருங்கை, உள்ளக முகவரிகளுக்கு மட்டுமானால் பகுதிச் சுருங்கை, இரு புறமும் இருப்பவை சுருங்கை முனைகள். ‘சுருங்குதல்’ என்ற வினை குறுக்கிடும் என்னும் எதிர்ப்பு எழக்கூடும். தொடரில் வரும்போது அந்த மயக்கம் நேராது என்றே கருதுகிறேன்.

‘பாதுகாப்பு’ என்ற அடையைப் பெயரில் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்பு அமைப்பைப் பொறுத்தது. கைச்சுருங்கை தன்னுள் ஒரு தனிச்சாவியை (பிறரிடம் பகிராத மறையாக்கச் சாவியை) வைத்திருக்கிறது; கருவி தொலைந்தால், அதன் இணைச்சாவியான பொதுச்சாவியை வழங்கியிலிருந்து உடனே நீக்கியாக வேண்டும். ஒரு கேமராவை மட்டும் காண வேண்டியவருக்கு வலையமைப்பு முழுவதையும் திறந்துவிடுவதும் அமைப்பின் குறையே. அவர் எட்டத்தக்க முகவரியை அந்த ஒன்றோடு நிறுத்தும் தீச்சுவர் விதி வேண்டும்.

நடுவிலுள்ள வழங்கிக்கு ஒரே பெயர் போதாது என்பதையும் குறிப்பிட வேண்டும். இரு பக்கமும் தன்னோடு சுருங்கை அமைத்துக்கொள்ளும் வழங்கி, ஒரு பக்கத்திலிருந்து வருவதை மறைநீக்கி மறுபக்கத்திற்கு மீண்டும் மறையாக்கி அனுப்புகிறது; ஆகவே அதனை ஆள்பவர் உள்ளடக்கத்தைக் காண இயலும். மறையாக்கியதை அப்படியே கைமாற்றும் வழங்கியால் அது இயலாது. முன்னதைச் ‘சந்தி வழங்கி’ என்றும், பின்னதைக் ‘கைமாற்று வழங்கி’ என்றும் பிரித்து வழங்கலாமா என்பது பற்றி உங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.